கடலோர வீட்டுக்கு மாடி போடும் முன்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் தேவிபட்டினத்தில் கொத்தனார் கிடைப்பது அரிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆண்கள் கரையில் இருப்பார்கள். வாடைக்காலத்து மழையும் காற்றும் ஓய்ந்திருக்கும். வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவில் வந்திருப்பார்கள். கூரை ஒழுகலை அடைப்பது, திண்ணையை அறையாக்குவது, மாடிக்குப் படி வைப்பது, கழிப்பறையைப் புதிதாகக் கட்டுவது என்று தெருவுக்குத் தெரு வேலை நடக்கும். எம்சாண்டும் ஜல்லியும் வாசலில் இறங்கிய பிறகுதான் பலருக்கும் அந்தச் சந்தேகம் வரும்: "இதுக்குப் பர்மிஷன் வாங்கணுமா?"

கட்டட வரைபடம் போட்டு அனுமதிக்கு விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பது என் தொழில். சிவில் டிப்ளமோ படித்தவள். அப்பா இந்தக் கரையில் கொத்தனாராக இருந்தவர். சுவரைத் தட்டிப் பார்த்து அது சுண்ணாம்புக் கட்டா, மண் கட்டா என்று சொல்ல அவர்தான் கற்றுக் கொடுத்தார். அவர் காலத்தில் அனுமதி என்பது பஞ்சாயத்து போர்டு ரசீதோடு முடிந்தது. இன்று அப்படி இல்லை. அதிலும் கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் இராமநாதபுரம் டவுனில் வீடு வைத்திருப்பவரைவிட இன்னும் ஒரு படி கூடுதலாக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

எல்லா வேலைக்கும் அனுமதி தேவையில்லை. எதற்குத் தேவை என்பதைச் செலவுக் கணக்கு முடிவு செய்வதும் இல்லை. மூன்று லட்சம் செலவழித்து வீடு முழுக்க கிரானைட் போடுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். முப்பதாயிரத்தில் வாசல் ஓரம் சுவர் எழுப்பி, ஷீட் போட்டு, ஷட்டர் மாட்டிக் கடை வைத்தால் கேட்க வேண்டும். வீட்டின் உருவமும் பரப்பும் மாறுகிறதா, அது தாங்கும் சுமை கூடுகிறதா, குடியிருப்பு வேறு பயனுக்குப் போகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் அனுமதி வாங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இன்று சென்னைக்கும் தேவிபட்டினத்துக்கும் பொது. வெள்ளையடிப்பது, பெயிண்ட் அடிப்பது, பெயர்ந்த பூச்சைச் சரி செய்வது, தரை மாற்றுவது, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு வேய்வது போன்ற பராமரிப்பு வேலைகளை அந்த விதிகள் அனுமதிக்கு வெளியே வைத்திருக்கின்றன. உங்கள் இடத்துக்குள்ளேயே திறக்கிற ஜன்னலோ கதவோ வைக்கலாம், அடைக்கலாம். அடுத்தவர் மனையைப் பார்த்துத் திறந்தால்தான் வம்பு. அடுப்படி மேடையை மாற்றுவது, குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுவது, வயரிங் புதுப்பிப்பது இவற்றுக்கெல்லாம் யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

கூடுதல் அறை, முதல் மாடி, வெளிப்புறப் படிக்கட்டு, போர்ட்டிகோவைச் சுவர் வைத்து அடைப்பது, ஒரு வீட்டை இரண்டு குடித்தனமாகப் பிரிப்பது, முன்னறையைக் கடையாக்குவது: இவற்றுக்கு அனுமதி வேண்டும். மொட்டை மாடியில் வெயிலுக்கு ஷீட் போடுவதைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். நாலு பக்கமும் திறந்த நிழல் வேறு, அறை வேறு. ஷீட்டுக்குக் கீழே ஹாலோ பிளாக் ஏறி, கதவு வந்து, ஃபேன் மாட்டியாகிவிட்டது என்றால் அது ஒரு தளம். அதைக் கூரை என்று யாரிடமும் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் மக்கள் அதிகம் குழம்புவது ஓட்டு வீட்டைப் பற்றித்தான். "ஓட்டைப் பிரிச்சுட்டு காங்கிரீட் போடப் போறோம், சுவர் பழைய சுவருதான், இதுல என்ன இருக்கு?" என்பார்கள். நிறைய இருக்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குல கான்கிரீட் தளம் போட்டால் அதன் எடை ஏறக்குறைய மூன்று டன். சீமை ஓடும் பனங்கையும் சேர்ந்தாலும் அதில் கால் பங்குகூட வராது. எழுபது வருடத்துச் சுண்ணாம்புக் கட்டுச் சுவர் அந்த மூன்று டன்னைத் தாங்குமா என்பதைக் கூரை போடும் முன்பே ஒருவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டுக்கு ஓடு மாற்றினால் அது பழுது பார்ப்பு. ஓட்டுக்குக் கான்கிரீட் வந்தால் அது கிட்டத்தட்ட புது வீடு. அனுமதி கேட்கப்படுவதற்கு முதல் காரணம் வரி அல்ல. கூரை தலையில் விழக்கூடாது என்பதுதான்.

உப்புக் காற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கடற்கரைக் கட்டடத்துக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 தனிக் கணக்கு வைத்திருக்கிறது. உள்நாட்டில் எம்-20, எம்-25 தரத்தில் போடும் கான்கிரீட்டை இங்கே குறைந்தது எம்-30 தரத்தில் போட வேண்டும். கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊர் போரில் வருகிற சவர் தண்ணீரை நேராகக் கலவைக்கு ஊற்றினால் என்ன ஆகும் என்பதை மேற்கூரையே சொல்லிவிடும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மூடியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளும். பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவது பராமரிப்பு, அதற்கு அனுமதி வேண்டாம். ஆனால் துருப்பிடித்த தூண்மேல் பூசிவிட்டு அதன்மேல் ஒரு மாடியும் ஏற்றலாம் என்று நினைப்பவர்களை நான் விடாமல் தடுத்துப் பேசுவேன்.

அப்படி ஒரு வீடு. தேவிபட்டினத்துக்கு நவபாஷாணம் கும்பிட வருகிற கூட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வந்து பரிகாரம் செய்கிறவர்கள், ஆடி, தை அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்க இடம் தேடுவார்கள். அவர்களுக்கு வாடகைக்கு விட மேலே இரண்டு அறை எடுக்க வேண்டும் என்று, நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கணவர் காலமாகி, ஒரே மகன் சவூதியில் இருக்கிற வீடு.

மொட்டை மாடிக்கு ஏறினேன். பிற்காலத்தில் மாடி எடுக்க வேண்டும் என்று நாலு மூலையிலும் தூண்கம்பியை இரண்டடி நீட்டி விட்டிருந்தார்கள். நம் ஊரில் எந்த மொட்டை மாடியிலும் காணும் காட்சிதான். 12 மில்லிமீட்டர் கம்பி. கைவிரலால் சுரண்டினால் அடுக்கடுக்காகச் செதில் உதிர்ந்தது. உதிர்ந்ததைத் துடைத்துவிட்டு அளவுகோல் வைத்துப் பார்த்தால் நல்ல இரும்பு 8 மில்லிமீட்டர்தான் மிச்சம். குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு போனால் பலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கம்பியோடு புதுக்கம்பியைக் கட்டித் தூண் எழுப்பினால் மேலே இருக்கிற அறை காற்றை நம்பி நிற்கும்.

"லாத்தா, கம்பி போயிருச்சு. அது ஒரு பக்கம். நீங்க கட்டப் போறது வீட்டுக்கு மாடி இல்ல, வாடகை ரூம். அது வேற கணக்கு."

"என்ன புள்ள வேற கணக்கு? ஆள் தங்கத்தானே போறாங்க. எம்மவன் வந்தா தங்குவான், வராதப்ப அவங்க தங்குவாங்க."

"உங்க மாமனார் கட்டுனப்ப வாங்குன பேப்பர் ஏதும் இருக்கா?"

"எதுக்கு அது? வீட்டு வரி ரசீது இருக்கு, கரண்டு பில்லு இருக்கு."

"அது ரெண்டும் நீங்க குடியிருக்கிறதுக்குச் சாட்சி. கட்ட அனுமதி வாங்கினதுக்குச் சாட்சி இல்ல லாத்தா."

வீட்டு வரி கட்டினால் வீடு முறைப்படியாகிவிட்டது என்று எண்ணாதவர் இந்தக் கரையில் குறைவு. வரி, கட்டடம் இருக்கிறது என்பதற்காக வாங்கப்படுகிறது. அனுமதி, கட்டடம் வரலாமா என்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. இரண்டும் வேறு வேறு பதிவேடு. ஆனால் லாத்தா கேட்ட "எதுக்கு அது?" என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டுமானால் கடலின் பக்கம் திரும்ப வேண்டும்.

1991 பிப்ரவரி 19 அன்று மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பின்னர் 2011இலும் 2019இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை இதன் கட்டுப்பாடு உண்டு. ஊராட்சிப் பகுதிகள் பெரும்பாலும் இதில் மூன்றாம் வகையில் வரும். அந்த வகையில், 2011 அறிவிக்கையின்படி முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கிற கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், இடித்துவிட்டுத் திரும்பவும் கட்டலாம். ஆனால் பழைய அடித்தளப் பரப்பையும் தளப்பரப்புக் குறியீட்டையும் தாண்டக் கூடாது. 200 முதல் 500 மீட்டருக்குள் வீடு கட்டலாம். உயரம் 9 மீட்டருக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் என்ற வரம்புக்குள் நிற்க வேண்டும்.

மீனவர்களும் மற்ற பாரம்பரியக் கடலோர மக்களும் 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையில் வீடு கட்டிக்கொள்ள 2011 அறிவிக்கை ஒரு வழி வைத்தது. ஆனால் மாநில அரசு அந்த மக்களைக் கலந்து ஒரு முழுத் திட்டம் போட்டு, அதற்கு மேலிடத்து ஒப்புதல் வாங்கினால்தான் அந்த வழி திறக்கும். தனி ஒருவர் விண்ணப்பம் போட்டு அதைப் பெற முடியாது. கடலை நம்பி வாழ்கிறவர்களுக்குக் கொடுத்த சலுகையை இப்படிக் கதவுக்குப் பின்னால் வைத்தது சரியில்லை என்பது என் கருத்து.

2019 அறிவிக்கை சில இடங்களில் தளர்த்தியிருக்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கிற நெருக்கமான கிராமப் பகுதிகளில் தடைப்பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைகிறது. 300 சதுர மீட்டருக்குள் கட்டும் சொந்தக் குடியிருப்புக்கு மாநிலக் கடலோர மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை வரை போக வேண்டாம், உள்ளாட்சியே விதிகளைப் பார்த்து அனுமதிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. 2019 அறிவிக்கையின்படி திருத்திய கடலோர மண்டல மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெறும்வரை பழைய 2011 வரைபடமும் விதியும்தான் செல்லும். அதனால் "புது ரூல்ல 50 மீட்டர்தானே" என்று செல்போனில் படித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டாதீர்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு இன்று எந்த வரைபடம் செல்லும் என்று கேட்ட பிறகு தோண்டுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயர் ஓதக் கோடு என்பது நாம் கண்ணால் பார்க்கும் அலை விளிம்பு அல்ல. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் அளந்து குறித்த கோடு அது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். எங்கள் ஊரில் சில நாள் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, வத்தைப் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு டேப் பிடித்து அளந்தால் வீடு மண்டலத்துக்கு வெளியே இருப்பது போலத் தோன்றும். கடலை விட்டுத் தள்ளியிருக்கிறவர்களுக்கும் ஓடை வழியாகச் சட்டம் வரும். கடுங்கோடையிலும் தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கிற இடம் வரை, ஏற்றவற்றம் பாய்கிற ஓடைக்கும் கழிமுகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கடல் கண்ணுக்கே தெரியாத வீட்டுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. வரைபடத்தில் அவர் மனைமேல் கோடு ஓடுவதைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

இப்போது லாத்தாவின் பேப்பருக்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசு அரசாணை 172ஐ வெளியிட்டது. 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அந்த வரம்பைத் தாண்டி அரசு கட்டித் தரும் புது வீட்டுக்குப் போகலாம், அல்லது இருந்த இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசு உதவி கிடையாது என்று அது சொன்னது. வீட்டை இழந்து நிற்கிற குடும்பத்திடம் பழைய அனுமதி இருக்கிறதா இல்லையா என்பது அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய விஷயமாகிறது என்று நினைத்துப் பாருங்கள். கடலோரத்தில் திரும்பக் கட்டும் உரிமையே முன்பு அனுமதியோடு கட்டியவருக்குத்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதைப் பார்த்த மாவட்டம் இது. இனி புயலே வராது என்று எண்ணி வாழக்கூடியவர்கள் அல்ல நாங்கள். ஆகவே எங்கள் கரையில் அந்தக் காகிதம் வீட்டின் பாதி மதிப்பு.

லாத்தா இரண்டு நாள் கழித்துத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். மாமனார் பெயரில், பழைய பஞ்சாயத்து முத்திரையோடு, நீல நிறத்தில் நகல் எடுத்த வரைபடம். மடிப்புகள் கிழிந்து, ஓரம் கரையான் அரித்திருந்தது. எண்ணும் தேதியும் படிக்க முடிந்தது. 1991க்கு முந்தைய தேதி. அவர் சர்வே எண் 200 மீட்டருக்குள் வருகிறது. எனவே மேலே புது அறைகளுக்கு வழியில்லை. ஆனால் அந்தக் காகிதம் இருந்ததால் கீழ்வீட்டைத் தாராளமாகச் சீர் செய்யலாம், அதே அளவில் திரும்பக் கட்டவும் செய்யலாம். 2019 அறிவிக்கை, உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவத்தையும் முகப்பையும் மாற்றாமல் யாத்ரீகர்களைத் தங்க வைக்கும் ஹோம் ஸ்டே முறைக்கு இடம் கொடுத்திருப்பதையும் எடுத்துச் சொன்னேன். அது அவர் சர்வே எண்ணுக்கு இன்று செல்லுமா என்றும் சுற்றுலாத் துறைப் பதிவு பற்றியும் இராமநாதபுரத்தில் விசாரிக்கச் சொன்னேன். அவர் கீழே இரண்டு அறைகளைச் சரி செய்தார். அந்த நீலப் படத்தை லேமினேட் செய்ய வேண்டாம், நகல் எடுத்துவிட்டு மூலத்தை நீட்டி வைத்து நெகிழிக் கவரில் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஊராட்சி அனுமதி கொடுத்துவிட்டதே, பிறகு என்ன என்று கேட்பவர்களுக்கு மரடு கதையைச் சொல்வேன். கொச்சிக்குப் பக்கத்தில் காயல் ஓரம், மரடு கிராம ஊராட்சியாக இருந்த காலத்தில் கொடுத்த அனுமதியோடு எழுந்த அடுக்குமாடிகள் அவை. கடலோர ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீடு வாங்கியவர்களுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அவர்கள் தெரிந்து தப்புச் செய்தவர்கள் இல்லை. கையில் அனுமதி எண் இருந்தது. கடலோரத்தில் ஒரு அனுமதி இன்னொன்றின் இடத்தை நிரப்பாது.

கடல் மட்டுமே இப்படித் தனி அனுமதி கேட்பதில்லை. மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அடுத்த 200 மீட்டரில் பழுது பார்ப்பதற்கே அனுமதி வேண்டும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயர வரம்பு உண்டு. விமானத் தளங்களைச் சுற்றியும் உயர வரம்பு இருக்கும். உச்சிப்புளிப் பக்கம் கடற்படையின் தளம் இருக்கிறது. ஒரு மாடி வீட்டுக்கு அது இடைஞ்சலாவது அபூர்வம். ஆனால் செல்போன் கோபுரம் வைக்க மாடியை வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்கும் முறை முன்னைவிட எளிது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றலாம். 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, அதில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ உள்ள குடியிருப்பு என்றால், ஆவணத்தை ஏற்றிக் கட்டணத்தைக் கட்டியதும் அனுமதி கைக்கு வந்துவிடும். முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. எல்லா ஊராட்சிகளுக்கும் இது உண்டு. நல்ல ஏற்பாடு, அலைச்சல் பெரிய அளவில் குறைந்திருக்கிறது. ஆனால் பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையில் வருகிறது. கொடுத்த விவரம் தவறு என்றால் அனுமதி ரத்தாகும். கடலோர விதிக்குச் சுயசான்று மாற்றாகவும் ஆகாது. இருக்கிற வீட்டோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள் பழைய அனுமதி விவரத்தோடு ஊராட்சி அலுவலகத்திலோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ பேசி, எந்த வழியில் விண்ணப்பிப்பது என்று முதலில் தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

பெரிய முடிச்சு பட்டாவில் விழுகிறது. கடற்கரைத் தெருக்களில் பாதிக்கு மேல் கிராம நத்தம். பாட்டன் காலத்திலிருந்து குடியிருப்பார்கள். பட்டா அண்ணன் பெயரில் இருக்கும், வீடு தம்பி அனுபவத்தில் இருக்கும். கூட்டுப்பட்டாவில் செத்துப்போனவர் பெயர் இருக்கும். அனுமதி கேட்கப் போகும்போதுதான் குடும்பப் பஞ்சாயத்து தொடங்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது படம் பற்றி அல்ல. பட்டாவைப் பெயர் மாற்றுங்கள், வாரிசுச் சான்று வாங்குங்கள், புலப்பட நகலை எடுத்து நாலு மூலையையும் சர்வேயரை வைத்து அளந்து கல் போடுங்கள் என்பதுதான். சுற்றுச்சுவர் எழுப்புகிறவர்களுக்கும் இதுவே. ஒரு முழம் தெருவுக்குள் போய்விட்ட சுவரால் இருபது வருடம் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளைத் தெரியும்.

போர் போடுவதற்கும் ஊராட்சியிடம் முன்அனுமதி வேண்டும் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கிணறு தோண்டுவது, ஆழப்படுத்துவது, பாதுகாப்பு பற்றி 2015இல் தனி விதிகள் வந்தன. 2019இல் மணப்பாறைக்குப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்து இறந்ததை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. சவர் தண்ணீர் என்று கைவிட்ட போர் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதை அன்றே மூடுங்கள்.

அனுமதியில்லாமல் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பார்கள். ஆகும் நாளும் வரும். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் வேலையை நிறுத்தவும் பூட்டி முத்திரை வைக்கவும் அகற்றச் சொல்லவும் அதிகாரம் தருகின்றன. பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் மனுவில்தான் அது தொடங்கும். தமிழ்நாட்டில் விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் ஏற்பாடு 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும்தான். 2024 டிசம்பர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது, பணம் போட்டாயிற்று, அதிகாரி சும்மா இருந்தார் என்பதெல்லாம் அனுமதியில்லாக் கட்டடத்தைக் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் என்று வீட்டை விற்கப் போகும்போதோ வங்கிக் கடனுக்குப் போகும்போதோ முதலில் கேட்பது படத்தைத்தான். மூன்று அறைக்கு வாங்கிய அனுமதியில் ஐந்து அறை இருந்தால் வங்கி மூன்று அறைக்குத்தான் மதிப்புப் போடும்.

மக்கள்மேல் மட்டும் குறை சொல்லி இதை முடிக்க எனக்கு மனமில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு மீனவர் தன் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்று என்ன செய்ய வேண்டும்? வரைபடம் இணையத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது. தெரு தெரியாது, நிறங்கள்தான் தெரியும். கலெக்டர் ஆபீஸ் போனால் ஒரு நாள் வேலை போகும். உப்பூரிலிருந்து ஆற்றங்கரை வரை ஒவ்வொரு கடலோர ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அந்த ஊர் சர்வே எண்களைத் தமிழில் எழுதி வைக்கலாம். இந்த எண்கள் 200 மீட்டருக்குள், இவை 500க்குள், இவை வெளியே, இன்று நடைமுறையில் உள்ள அறிவிக்கை இது என்று நாலு வரி போதும். எந்த வேலைக்கு அனுமதி வேண்டாம் என்ற பட்டியலையும் பக்கத்திலேயே ஒட்டலாம். ஒரு பெயிண்டருக்கு அரை நாள் வேலை. கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். விரும்புகிறவர்கள் அதில் கையெழுத்துப் போடுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதையே உங்கள் ஊர்ப் பெயரை மாற்றி எழுதிக் கொடுங்கள்.